ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டி மாரத்தான் ஓட: முதல்முறை இறங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டி மாரத்தான் ஓடுபவருக்கு வேலை இரண்டு. 42.195 கிலோமீட்டருக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும். தெரிந்தவர் எல்லோரிடமும் போய் நன்கொடை கேட்க வேண்டும். முதல்முறை இறங்குபவர்கள் ஓட்டத்துக்குப் பக்காவாக அட்டவணை போட்டுவிட்டு, பணத்தைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 18 வாரப் பயிற்சியில் 11-ஆம் வாரத்திலிருந்து 15-ஆம் வாரம் வரை நீள ஓட்டங்கள் உச்சத்தில் இருக்கும். வேலைக்குப் போய், ஓடி, தூங்கி எழுவதற்கே தெம்பு போதாது. அப்போது ஐம்பது பேருக்குத் தனித்தனியாக எழுத யாராலும் முடியாது. எனவே பணத்தையும் பயிற்சி அட்டவணையிலேயே ஏற்றுங்கள். இலக்கில் முக்கால் பங்கு 10-ஆம் வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கை வைத்தே நகர்கிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழக்கத்துக்கு வயது முப்பதுக்கு மேல். 1988-இல் அமெரிக்காவில் புரூஸ் கிளீலண்ட், லுக்கீமியா வந்த தன் மகளுக்காக 38 பேர் கொண்ட குழுவைத் திரட்டி நியூயார்க் மாரத்தானில் ஓடினார். சேர்ந்து பயிற்சி செய்து, சேர்ந்தே கேட்டு, 3,22,000 டாலர் திரட்டினார்கள். 'டீம் இன் டிரெய்னிங்' என்ற திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. தனியாக இறங்குபவரும் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு: உடன் ஓட ஒருவரையும் உடன் கேட்க ஒருவரையும் முதலிலேயே பிடித்து வையுங்கள்.

பணம் எதற்கு என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

"என் பணத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அதற்கு நேரான பதில் இருக்கிறது.

ரத்தப் புற்றுநோய் என்பது லுக்கீமியா, லிம்போமா, மைலோமா என்று பல நோய்களின் கூட்டம். பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலோ நிணநீர் மண்டலத்திலோ தொடங்கி உடல் முழுக்கப் பரவி நிற்பதால், வெட்டி எடுத்துவிட ஒரு கட்டி கிடைப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு இங்கே அதிக வேலையில்லை. மருந்து, கதிர்வீச்சு, ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்று, செல் சிகிச்சை ஆகியவைதான் வழி. இவை எல்லாமே ஆய்வகத்தில் பிறந்தவை.

நன்கொடையாளரிடம் சொல்ல ஒரே ஓர் உதாரணம் போதும். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோம் இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் கண்டார்கள். 9, 22 ஆகிய இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தால் உருவாகும் தவறான புரதத்தை அடைக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல்லாண்டு வாழக்கூடிய நோயாக அது மாறியது. இடையில் 41 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் ஆய்வகங்களுக்கு யாரோ பணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உங்கள் நன்கொடையாளரிடம் நீங்கள் கேட்பதும் அதைத்தான்.

குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவில் 1960-களின் தொடக்கத்தில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். முதியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு லுக்கீமியா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வென்ற கதை மட்டும் கேட்டால் 'அதான் குணமாகிவிட்டதே' என்று தோன்றும். தோற்ற கதை மட்டும் கேட்டால் 'கொடுத்து என்ன பயன்' என்று தோன்றும்.

அமைப்பையும் ஓட்ட இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

பெரிய மாரத்தான்களில் இடம் கிடைக்கும் வழிகள் முக்கியமாக இரண்டு. குலுக்கலிலோ நேரடிப் பதிவிலோ இடம் வாங்கி, பிடித்த அமைப்புக்கு விருப்பம்போல் திரட்டலாம். அல்லது தொண்டு அமைப்பு வைத்திருக்கும் இடத்தை, குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தருவேன் என்று ஒப்புக்கொண்டு வாங்கலாம். இரண்டாவதில் கையெழுத்துப் போடும் முன் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1. இலக்கை எட்டாவிட்டால் மீதியை நான் கட்ட வேண்டுமா? சில அமைப்புகள் உங்கள் கடன் அட்டை எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துப் பிடித்துக்கொள்ளும்.
2. காயத்தால் விலகினால் எந்தத் தேதிக்குள் சொன்னால் பொறுப்பு நீங்கும்? அடுத்த ஆண்டுக்கு இடத்தை மாற்றினால் திரட்டிய பணமும் கூடவே வருமா, புதிதாகத் திரட்ட வேண்டுமா?
3. பதிவுக் கட்டணம் இலக்கில் சேர்த்தியா, தனியா?
4. பணம் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குறித்துக் கொடுக்க முடியுமா? நோயாளி உதவி, விழிப்புணர்வு, நிர்வாகம் எல்லாம் ஒரே கணக்கில் போகும் அமைப்புகளும் உண்டு. அது தவறில்லை, ஆனால் 'ஆராய்ச்சிக்கு' என்று சொல்லி நீங்கள் கேட்டிருந்தால் அது ஆராய்ச்சிக்கே போக வேண்டும்.
5. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை ரசீது யார் தருவார்கள், எப்போது?

அமைப்பின் பதிவு எண், தணிக்கை செய்த ஆண்டறிக்கை இரண்டையும் பாருங்கள். ஆராய்ச்சி நிதியை யாருக்குத் தருவது என்பதை வெளி நிபுணர் குழு மதிப்பிட்டு முடிவு செய்கிறதா என்று விசாரியுங்கள். சென்ற ஆண்டு எந்தெந்த ஆய்வுகளுக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தர முடியாத அமைப்பை விட்டுவிடலாம்.

தொடங்கும் முன் உடம்பு

18 வார அட்டவணைக்குள் நுழைய, வாரத்துக்கு 20 முதல் 25 கி.மீ. ஓட்டம் இரண்டு மாதமாவது பழகியிருக்க வேண்டும். 5 கி.மீ. நிற்காமல் ஓட வராதவர், ஓட்டமும் நடையுமாகப் பத்துப் பன்னிரண்டு வாரம் அடித்தளம் போட்டுவிட்டு வரட்டும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். புதியவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் வருகிறது.

ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் இந்த ஓட்டங்களுக்கு நிறைய வருகிறார்கள். அவர்கள் தங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியது: டாக்சோரூபிசின், டானோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பாதித்திருக்கலாம் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனை தேவையா? மைலோமா இருந்தவருக்கு எலும்பு தாங்குமா? ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் எந்த அளவுக்கு வந்த பிறகு நீள ஓட்டம் போகலாம்?

ரத்த தானம் செய்யும் பழக்கமுள்ளவர்கள் அதைப் பயிற்சி தொடங்குமுன் முடித்துவிடுங்கள். முழு ரத்தம் கொடுத்தபின் ஹீமோகுளோபின் பழைய நிலைக்கு வரப் பல வாரமாகும். போட்டிக்கு முந்தைய இரண்டு மாதம் கொடுத்தால் ஓட்டத்தில் அது நன்றாகவே தெரியும்.

18 வாரம்

வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும். இரண்டு நிதான ஓட்டம் (5 முதல் 8 கி.மீ.), ஒன்று சற்று வேகமாக, வார இறுதியில் ஒரு நீள ஓட்டம். மற்ற நாட்களில் இரண்டு முறை 20 நிமிடம் வலுப்பயிற்சி: ஒற்றைக் காலில் குதிகால் தூக்கி இறக்குவது, ஒற்றைக் கால் ஸ்குவாட், இடுப்பு தூக்குவது. நீள ஓட்டம் வாரவாரியாக, கிலோமீட்டரில்:

10, 12, 14, 10 / 16, 18, 20, 15 / 22, 24, 26, 20 / 28, 22, 30 / 20, 12, போட்டி.

குறைந்து வரும் வாரங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முன் வாரங்களின் பளு உடம்பில் வலுவாக மாறுவது அந்த வாரங்களில்தான். மெதுவாக ஓடுபவருக்கு 30 கி.மீ. நான்கு மணி நேரம் தாண்டும். அவர்கள் தூரத்தை விட்டு நேரத்தைப் பிடித்து, மூன்றரை மணியில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கிடைக்கும் பலனைவிடக் களைப்பும் காய ஆபத்தும்தான் அதிகம்.

எல்லோரும் செய்யும் ஒரே தவறு, நிதான ஓட்டத்தை வேகமாக ஓடுவது. முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. நீள ஓட்டத்துக்கும் இதே விதிதான்.

வலியை இப்படிப் பிரித்துப் பாருங்கள். இரண்டு காலிலும் பரவலாக, மந்தமாக, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் அது தசை வலி, ஓடலாம். எலும்பின் மேல் ஒரு விரலால் 'இங்கேதான்' என்று தொட்டுக் காட்டும்படி இருந்து, ஒவ்வோர் அடிக்கும் கூடினால் அன்றே நிறுத்துங்கள். அது எலும்பில் அழுத்தக் கீறலாக இருக்கலாம், அதன்மேல் ஓடினால் முழு முறிவு. காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருக்கும்போது ஓட வேண்டாம். ஒரு வாரம் விட்டுப்போனால் அட்டவணை இருக்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்; விட்டதையும் சேர்த்து ஓடுவது நேராகக் காயத்தில் கொண்டுவிடும். உச்ச வாரங்களில் மூன்று வாரம் போய்விட்டால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றுவதுபற்றி யோசிக்கலாம். மேலே சொன்ன இரண்டாம் கேள்வியின் பயன் அப்போது தெரியும்.

ஷூ மாலையில் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஜோடி தாங்கும். போட்டிக்கான ஜோடியை 13-ஆம் வாரத்தில் வாங்கி, அதில் ஒரு நீள ஓட்டமாவது ஓடிவிடுங்கள்.

கேட்கும் வேலை, வாரக் கணக்கில்

முதல் வாரம்: இணையத்தில் நிதி திரட்டும் பக்கத்தைத் திறந்து முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். பின்னால் வருபவர்கள் முன்னால் இருக்கும் தொகைகளைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்வார்கள். அதனால் பொது அறிவிப்புக்கு முன், தாராளமாகக் கொடுப்பார் என்று நம்பும் ஐந்தாறு பேரிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டு வாங்கிவிடுங்கள். வெறுமையான பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பினால், முதலில் வரும் சிறிய தொகை பிறகு வரும் எல்லோருக்கும் அளவாகிவிடும்.

2 முதல் 4-ஆம் வாரம்: பெயர்ப் பட்டியல். உறவினர், பள்ளி, கல்லூரி, இன்றைய அலுவலகம், பழைய அலுவலகம், பக்கத்து வீடு, குழந்தைகளின் பள்ளிப் பெற்றோர், நீங்கள் வழக்கமாகக் காசு கொடுக்கும் கடைக்காரர், மருத்துவர். நூறு பெயர் எளிதில் வரும். தனித்தனியாக எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து. குழுவில் பொதுவாகப் போடும் செய்தியை எல்லோரும் படிப்பார்கள், யாரும் தன்னைக் கேட்டதாக நினைக்கமாட்டார்கள். செய்தி இப்படி இருந்தால் போதும்:

"அக்கா, நல்லா இருக்கீங்களா? ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டி நான் மாரத்தான் ஓடப்போறேன், 42 கிலோமீட்டர். இன்னும் 15 வாரம் இருக்கு, இப்போ 14 கிலோமீட்டர் வரை வந்திருக்கேன். பணம் நேரா அமைப்போட ஆராய்ச்சிக் கணக்குக்குப் போகும், ரசீது அவங்களே அனுப்புவாங்க. உங்களால ஒரு கிலோமீட்டரை ஏத்துக்க முடியுமா? ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வெச்சிருக்கேன். இந்த மாசம் 30-ஆம் தேதிக்குள்ள முடிஞ்சா நல்லா இருக்கும். முடியலேன்னாலும் ஒண்ணும் இல்லை, சொல்லிடுங்க போதும்."

இதில் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, பணம் போகும் இடம் இருக்கிறது, மறுக்கவும் வழி இருக்கிறது. நான்கில் எது குறைந்தாலும் பதில் தள்ளிப்போகும். 'ஒரு கிலோமீட்டர்' என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும்: இலக்கை 42-ஆல் வகுத்து, ஏற்றவர் பெயரை அந்தக் கிலோமீட்டருக்கு எதிரே எழுதிப் பட்டியலைப் பக்கத்தில் போடுங்கள். இன்னும் காலியாக இருக்கும் எண்களே கேட்கும் வேலையில் பாதியைச் செய்யும்.

பதில் வராதவருக்குப் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். வராத பதில் பெரும்பாலும் மறதிதான். இரண்டாவது முறைக்கும் பதிலில்லை என்றால் விட்டுவிடுங்கள்; அவர் நிலைமை நமக்குத் தெரியாது. நன்கொடை வந்த அன்றே நன்றி சொல்லிவிடுங்கள்.

5 முதல் 10-ஆம் வாரம்: நிறுவனங்கள். ஊழியர் கொடுக்கும் அல்லது திரட்டும் தொகைக்கு இணையாகத் தானும் தரும் திட்டம் பல நிறுவனங்களில் உண்டு. படிவத்தை நன்கொடை தந்த ஊழியர்தான் நிரப்ப வேண்டியிருக்கும். அமைப்பின் பதிவு எண்ணும் ரசீதும் கேட்பார்கள், கடைசித் தேதியும் இருக்கும். எனவே நன்றிச் செய்தியிலேயே "உங்கள் அலுவலகத்தில் இணைத்தொகைத் திட்டம் இருக்கிறதா?" என்று ஒரு வரி சேருங்கள், பதிவு எண்ணையும் கூடவே அனுப்புங்கள். அதிக உழைப்பில்லாமல் இரட்டிப்பாகும் பணம் இது ஒன்றுதான்.

ரொக்கமாகத் தருபவர் பெயர், தொகை, தேதி மூன்றையும் வாங்கும் இடத்திலேயே எழுதி, அந்த வாரமே அமைப்பின் கணக்கில் கட்டுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் கலக்க விடாதீர்கள்.

பணம் தர முடியாதவரிடம் ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் சேர முடியுமா என்று கேளுங்கள். வயது வரம்புக்குள் இருப்பவர் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு முடிந்தது. உடன்பிறந்தாரிடம் பொருத்தம் கிடைக்காத நோயாளிகள் அந்தப் பதிவேட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். ரத்த தானத்தையும் சொல்லலாம். கீமோதெரபி எடுப்பவருக்குத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும், அவை ஐந்து முதல் ஏழு நாள்தான் கெடாமல் இருக்கும்.

நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லி நிதி கேட்பதாக இருந்தால் எழுதியதை அவருக்கே முதலில் காட்டுங்கள். பெயர், படம், நோயின் பெயர், மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் சம்மதித்தாலும் முகத்தைத் தவிர்ப்பது நல்லது. வளர்ந்தபின் அந்தப் படம் இணையத்தில் அவர்களைத் துரத்தும். 'போராடித் தோற்றார்' போன்ற சொற்கள் வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் பலர் உங்கள் பக்கத்தைப் படிப்பார்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

ஓடுபவர் தன் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 2,500 கலோரிக்குச் சற்று மேல். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிப்பது சுமார் 2,000 கலோரி. கொழுப்பும் எரியும், ஆனால் மெதுவாக. 30 கி.மீ. தாண்டியதும் கால் திடீரென்று கல்லாகும் நிலை இதனால்தான் வருகிறது.

தீர்வு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஓடும்போது பிழிந்து சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் 40 நிமிடத்துக்குள் ஒன்று, பிறகு அரை மணிக்கு ஒன்று, ஒவ்வொன்றோடும் வெறும் தண்ணீர். சர்க்கரை பானத்தோடு ஜெல் சாப்பிட்டால் வயிற்றில் செறிவு கூடிக் குமட்டும். 16 கி.மீ.க்கு மேற்பட்ட ஒவ்வொரு ஓட்டத்திலும் பழகுங்கள். வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

தண்ணீரில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது நிறையக் குடித்து எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அது அதிகம். நிதி திரட்டி ஓடும் புதியவர்களில் பலர் அந்த மெதுவான கூட்டத்தில்தான் இருப்பார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வழியில் தண்ணீர் தரும் ஒவ்வொரு மேசையிலும் கட்டாயமாகக் குடிக்க வேண்டியதில்லை. தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பமான பேச்சு தெரிந்தால் உடனே மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீரிழந்த நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

போட்டி நாள்

முந்தைய இரண்டு நாள் உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எதுவானாலும் சரி. நார்ச்சத்தையும் எண்ணெயையும் குறையுங்கள். காலை உணவு மூன்று மணி நேரம் முன்னால், ஏற்கெனவே பழகியது மட்டும்.

அமைப்பு தரும் பனியனைக் கவனியுங்கள். பெரும்பாலும் கடைசி நேரத்தில் வரும், தையல் அக்குளில் உரசும், அளவும் ஒத்துவராது. 10-ஆம் வாரத்திலேயே கேட்டு வாங்கி ஒரு நீள ஓட்டம் அதில் ஓடிப் பாருங்கள். அக்குள், தொடை, முலைக்காம்பு மூன்றிலும் வாஸ்லின் தடவுங்கள். பனியனில் உங்கள் பெயரைப் பெரிதாக ஒட்டுங்கள். 35-ஆவது கிலோமீட்டரில் முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உண்மையாகவே தள்ளிக்கொண்டு போகும். எண் அட்டையை நான்கு மூலையிலும் குத்துங்கள், பின்புறம் அவசரத் தொடர்பையும் மருந்து ஒவ்வாமையையும் எழுதுங்கள்.

ஐந்து மணி நேர இலக்குக்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. நாலரை மணிக்கு 6:24. ஆறு மணிக்கு 8:32. முதல் மூன்று கிலோமீட்டரை 10, 15 விநாடி மெதுவாக ஓடுங்கள், கூட்டம் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டமும் நடையும் கலப்பவர் முதல் கிலோமீட்டரிலிருந்தே 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று போகட்டும். கால் செத்தபின் தொடங்கும் நடை பயன்படாது. வளைவுகளில் வெளிவட்டமாக ஓடுவதால் ஜி.பி.எஸ். கடிகாரம் 42.195-ஐவிடச் சில நூறு மீட்டர் கூடவே காட்டும், அதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள். கடைசி நேர வரம்பை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்தபின்

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். உலர்ந்த உடைக்கு மாறுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். மறுநாள் சிறுநீர் கறுத்த பழுப்பாக இருந்தால் மருத்துவமனை. ஒரு வாரம் ஓட வேண்டாம். வேக ஓட்டத்துக்கு மூன்று, நான்கு வாரம் பொறுங்கள்.

அன்று மாலையே முடித்த நேரத்தையும் ஒரு படத்தையும் எல்லோருக்கும் அனுப்புங்கள். கொடுத்தவருக்கு நன்றி; கொடுக்காதவருக்குப் பக்கம் இன்னும் மூன்று வாரம் திறந்திருக்கிறது என்ற ஒரு வரி. 'ஓடி முடிக்கட்டும், கொடுக்கலாம்' என்று காத்திருந்தவர்கள் அப்போது வருவார்கள். அந்த மூன்று வாரத்தில் நிறுவன இணைத்தொகைப் படிவங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ரொக்கக் கணக்கை முடித்து, மொத்தம் எவ்வளவு, எந்த ஆராய்ச்சிக் கணக்குக்குப் போனது என்று நன்கொடையாளர் அனைவருக்கும் ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள். அமைப்பின் ரசீது எண்ணையும் அதிலேயே குறியுங்கள்.